சைக்கிளில் மூட்டையை எங்கே கட்டுவது?

விடிகாலையில் பால் கொண்டுவரும் சைக்கிளைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் போதும். பின்சக்கரத்தின் இருபுறமும், கேரியரில் மாட்டிய இரும்புக் கொக்கியில், ஆளுக்கொரு பக்கமாக இரண்டு கேன்கள். இரண்டும் சக்கரத்தின் அச்சை ஒட்டித் தொங்குகின்றன. எடையும் ஏறத்தாழ ஒன்றே. இளநீர்க் குலைகளைக் கட்டிவரும் வியாபாரியும், குழாயடியிலிருந்து பிளாஸ்டிக் குடங்களைத் தொங்கவிட்டு வருகிறவரும் இதே முறையில்தான் பாரம் ஏற்றுகிறார்கள். பாரம் தாழ்வாக இருக்க வேண்டும்; இருபுறமும் சமமாக இருக்க வேண்டும்; ஆடக் கூடாது. நெடும்பயணத்துக்கென்று விற்கப்படும் விலை உயர்ந்த பைகளும் சட்டங்களும் சாதிக்க முயல்வது இந்த மூன்றைத்தான்.

பயணம் போக முடிவெடுத்ததும் பலர் நேராகப் பை வாங்கப் போய்விடுகிறார்கள். அது தலைகீழான வரிசை. பையைத் தீர்மானிப்பது சாமான். சாமானைத் தீர்மானிப்பது ராத்திரி எங்கே படுக்கப்போகிறோம் என்பது.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி, சிதம்பரம், நாகப்பட்டினம், வேதாரண்யம் வழியாகக் கன்னியாகுமரிக்குப் போகிறவருக்குக் கூடாரம் தேவையில்லை. ஊருக்கு ஊர் லாட்ஜ் இருக்கிறது, கோயில் ஊர்களில் சத்திரமும் மடமும் இருக்கின்றன, சாலையோரம் டீக்கடைக்குப் பஞ்சமில்லை. இரண்டு செட் உடை, ஒரு கைலி, துண்டு, மழைச் சட்டை, இரண்டு டியூப், பம்பு, பஞ்சர் சாமான், சார்ஜர், மருந்து, கொஞ்சம் பழம். எல்லாம் சேர்ந்து ஏழெட்டுக் கிலோவைத் தாண்ட வேண்டியதில்லை. மணாலியிலிருந்து லேவுக்குப் போகிற சாலை வேறு கதை. டாக்லாங் லா கணவாய் 5,300 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. நடுவில் நெடுந்தூரத்துக்கு நிலையான ஊர் கிடையாது; கோடையில் போடப்படும் கூடாரக் கடைகளை மட்டுமே நம்ப வேண்டும். அங்கே குளிருடை, தூக்கப் பை, கூடாரம், அடுப்பு என்று சேரச் சேர எடை 20 கிலோவை எட்டிவிடும். தண்ணீர் தனிக் கணக்கு. ஒரு லிட்டருக்கு ஒரு கிலோ. இந்த இரண்டு பயணங்களுக்கும் ஒரே பையைச் சிபாரிசு செய்கிறவர் எதையோ விற்கப் பார்க்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் கழித்துக்கட்ட வேண்டியது முதுகுப் பை. வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது, செலவில்லை என்பதால் முதல் பயணத்தில் பலரும் அதையே மாட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். நடக்கும்போது கால் தாங்குகிற எடையைச் சைக்கிளில் இருக்கை எலும்பு தாங்க வேண்டியிருக்கிறது. உடம்பின் பாரம் மேலே ஏறுவதால் திருப்பத்தில் வண்டி தடுமாறும். குனிந்து ஓட்டும்போது பட்டை கழுத்தை இழுக்கும். நம் ஊர் வெயிலில் முதுகுக்கும் பைக்கும் நடுவே காற்றே போகாது. பத்து மணிக்குச் சட்டை பிழிகிற மாதிரி நனைந்திருக்கும். தண்ணீரும் ஒரு மேல்சட்டையும் மட்டும் வைத்த சின்னப் பை என்றால் பரவாயில்லை. அதற்கு மேல் முதுகில் ஏற்றுவது வீண் தண்டனை.

அடுத்தது, காலத்தால் மிகவும் சோதிக்கப்பட்ட வழி: கேரியரும் இருபக்கப் பைகளும். சைக்கிள்காரர்கள் பேனியர் என்கிறார்கள். ரொட்டிக் கூடையைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து கிளைத்து, கழுதை முதுகில் இருபுறமும் தொங்கும் பொதிக்கூடைக்கு வந்து, கடைசியில் சைக்கிளில் ஏறிய பெயர் அது. பின்சக்கரத்துக்கான ஒரு ஜோடியில் 40 லிட்டர் வரை சாமான் கொள்ளும். கொக்கியைத் தூக்கினால் பை கையோடு வந்துவிடும். ராத்திரி லாட்ஜில் இரண்டு பையையும் இரண்டு கையில் எடுத்துக்கொண்டு மாடியேறலாம். ரயிலில் சைக்கிளைப் பார்சல் வேனில் ஏற்றும்போது பைகளைக் கழற்றி உடன் எடுத்துக்கொள்ளலாம். இந்த வசதி காகிதத்தில் சின்னதாகத் தெரியும். பத்து நாள் பயணத்தில் குறைந்தது இருபது தடவை பையை மாட்டிக் கழற்ற வேண்டியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் அதன் அருமை புரியும்.

இந்த ஏற்பாட்டில் பைக்கு முன்னால் கேரியரைப் பார்க்க வேண்டும். நம் பழைய ரோட்ஸ்டர் சைக்கிளில் பிரச்சினையே இல்லை. கனமான இரும்புக் கேரியர் அச்சோடு சேர்த்து முறுக்கப்பட்டிருக்கும். அதில் மனிதர்களே உட்கார்ந்து போயிருக்கிறார்கள். அந்த வண்டிகளில் முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40 கம்பி என்ற வழக்கம் வந்ததும் பின்பக்கம் பாரம் ஏறும் என்று தெரிந்துதான். இன்றைய கியர் சைக்கிள்களில் கதை மாறுகிறது. சட்டத்தின் பின்முனையிலும் சீட்டுக்குக் கீழேயும் கேரியரை முறுக்கத் திருகுத்துளைகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பந்தய வகை கார்பன் சைக்கிள்கள் பலவற்றில் இருக்காது. டிஸ்க் பிரேக் இருந்தால் கேரியரின் கால் அதில் இடிக்கும். அதற்கென வளைந்த காலோ இடைவெளிக் குழலோ வேண்டும். சீட் கம்பத்தில் மட்டும் கவ்விக்கொள்ளும் கேரியர்கள் அவசரத்துக்கு உதவும், ஆனால் பத்துக் கிலோவுக்கு மேல் நம்ப முடியாது, பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும். கார்பன் கம்பத்தில் அவற்றை மாட்டவே கூடாது.

கேரியரில் இரும்பா, அலுமினியமா என்ற கேள்விக்குத் தயங்காமல் சொல்லலாம்: நீண்ட பயணத்துக்கு இரும்பு. அலுமினியம் எடை குறைவு, துருப்பிடிக்காது, நல்ல சாலையில் பல ஆண்டு உழைக்கும். ஆனால் அது அதிர்வில் சோர்ந்து ஒருநாள் முறியும்போது, பக்கத்து ஊர்ப் பட்டறையில் அதை ஒட்டுவது கடினம். இரும்பு முறிந்தால் டிராக்டர் கலப்பைக்கு வெல்டிங் வைக்கிறவரே பத்து நிமிடத்தில் ஒட்டித் தந்துவிடுவார். ஜெர்மனியின் டூபஸ் நிறுவனம் இன்றும் மெல்லிய குரோமோலி எஃகுக் குழாயில்தான் தன் புகழ்பெற்ற கேரியர்களைச் செய்கிறது. அவற்றில் கார்கோ என்ற வகைக்கு 40 கிலோ வரை ஏற்றலாம். அத்தனை வேண்டியதில்லை. ஆனால் கேரியர் என்பது மூன்று நான்கு திருகுகளின் தயவில் நிற்கிற பொருள். எடை தாங்காமல் வளைந்த கேரியரைவிடத் திருகு கழன்று விழுந்த கேரியர்தான் அதிகம். நைலான் வளையம் வைத்த மறை போட வேண்டும். கடலோரப் பயணம் என்றால் துருப்பிடிக்காத எஃகுத் திருகு நல்லது. அதே அளவில் இரண்டு உபரித் திருகுகள் பையின் மூலையில் கிடக்கட்டும்.

பை வாங்கும்போது கடையிலேயே ஒன்றைச் சோதிக்கலாம்: சைக்கிளில் மாட்டி, உட்கார்ந்து, பெடலைப் பின்னோக்கி மிதித்தால் குதிகால் பையில் உரசுகிறதா? சின்னச் சட்டமுள்ள சைக்கிளிலும் பெரிய பாதம் உள்ளவருக்கும் இது அடிக்கடி நேரும். பையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி மாட்டினால் சரியாகும். அதற்கும் இடமில்லையென்றால் அந்தப் பை அந்த வண்டிக்கு ஆகாது.

மழைக்குத் தாங்குமா என்பது அடுத்த கேள்வி. 1981-ல் இங்கிலாந்தில் சைக்கிளில் சுற்றிக்கொண்டிருந்த ஹார்ட்முட் ஓர்ட்லீப் என்ற ஜெர்மானிய இளைஞர், ஓயாத மழையில் பைகள் ஊறிப்போய்த் திண்டாடியபோது சாலையில் போன லாரியின் தார்ப்பாயைப் பார்த்தார். ஊர் திரும்பியதும் அந்தத் துணியிலேயே அம்மாவின் தையல் இயந்திரத்தில் ஒரு பை தைத்தார். அடுத்த ஆண்டே அது நிறுவனமானது. வாயைச் சுருட்டிப் பூட்டும் தார்ப்பாய்ப் பைகளை இன்று உலகெங்கும் பல நிறுவனங்கள் செய்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் காவிரிக் கழிமுகத்தில் ஓட்டப்போகிறவர் இந்த வகைக்குச் செலவழிக்கலாம். தை, மாசியில் போகிறவர் சாதாரணத் துணிப் பைக்குள் கனமான பாலித்தீன் உறை போட்டுக்கொண்டால் போதும். இன்னும் சிக்கனமாகப் போக நினைப்பவர், சதுரமான பிளாஸ்டிக் கேன் இரண்டின் மேல்வாயை வெட்டி, கொக்கி அடித்து, பால்காரர் பாணியில் தொங்கவிடலாம். நனையாது, உட்காரப் பலகை மாதிரியும் ஆகும். அழகில்லை என்பதைத் தவிர அதில் குற்றம் எதுவுமில்லை.

எல்லாப் பாரத்தையும் பின்னால் ஏற்றினால் என்ன ஆகும் என்பதை மலைச்சாலை சொல்லிக்கொடுக்கும். நாமக்கல் பக்கம் கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்கெனவே ஓட்டுகிறவரின் எடையில் பெரும்பகுதி பின்சக்கரத்தில்தான் இறங்குகிறது. அதோடு 15 கிலோ சேர்ந்தால், செங்குத்தான வளைவில் முன்சக்கரம் லேசாகி, ஹேண்டில்பார் சொன்னபடி கேட்காது. எழுந்து நின்று மிதித்தால் வண்டியின் வால் ஒரு பக்கம் இழுக்கும். பின்சக்கரக் கம்பிகள் முறிவதும் இப்படித்தான். அப்போதுதான் முன்சக்கரத்துக்கும் பை தேவைப்படுகிறது. 1980-களில் அமெரிக்காவின் ஜிம் பிளாக்பர்ன் பிரபலமாக்கிய 'லோ ரைடர்' சட்டம் முன்பைகளை அச்சின் உயரத்துக்கு இறக்கித் தொங்கவிட்டது. முன்சக்கரத்தில் எடை ஏற்றினால் திருப்ப முடியாதே என்ற பயத்துக்கு அது பதிலாக அமைந்தது. எடை தாழ்வாகவும் அச்சை ஒட்டியும் இருந்தால் திருப்புவது சற்றே கனக்கும், ஆனால் இறக்கத்தில் வண்டி அலைபாயாமல் நிற்கும். பன்னிரண்டு கிலோவுக்கு மேல் சாமான் உள்ளவர் முன்னும் பின்னுமாகப் பிரிப்பது நல்லது. அதற்குக் கீழே உள்ளவர் நான்கு பை வாங்கினால், நான்கையும் நிரப்பத்தான் செய்வார். காலி இடம் கையைச் சும்மா இருக்க விடாது.

பேனியருக்கு ஒரு பெரிய எதிரி உண்டு: காற்று. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முப்பந்தலில் காற்றாலைகளை நட்டிருப்பதே அங்கே தென்மேற்குப் பருவக்காற்று மலை இடைவெளியில் பீறிட்டு வருவதால்தான். எதிர்க்காற்றில் நான்கு பைகள் பாய்மரம் மாதிரி பின்னுக்கு இழுக்கும். பக்கக் காற்றில் வண்டியைச் சாலை நடுவே தள்ளும். லாரிகள் ஓடும் நெடுஞ்சாலையில் இது விளையாட்டல்ல. பாரத்தை ஒட்டி உறவாடும் சின்னப் பைகளாகப் பிரித்து வண்டியின் உடம்போடு கட்டிவிட்டால் என்ன என்ற யோசனை இங்கேதான் கவர்ச்சியாகிறது.

பைக்பேக்கிங் என்ற பெயரில் இப்போது பரவியிருப்பது அந்த முறைதான். கேரியரே கிடையாது. ஹேண்டில்பாரில் ஒரு சுருள், சட்டத்தின் முக்கோணத்துக்குள் ஒரு பை, சீட்டுக்குப் பின்னால் வால் மாதிரி ஒரு பை. பெயர் புதிது, செயல் பழையது. 1884-ல் தாமஸ் ஸ்டீவன்ஸ் பெரிய முன்சக்கரம் வைத்த உயரமான சைக்கிளில் கலிபோர்னியாவிலிருந்து கிளம்பி உலகைச் சுற்றியபோது, ஹேண்டில்பார் பையில் இருந்தவை காலுறைகள், ஒரு மாற்றுச் சட்டை, கூடாரமாகவும் படுக்கையாகவும் பயன்பட்ட ஒரு மழைக்கோட்டு, ஒரு கைத்துப்பாக்கி. 1897-ல் அமெரிக்க ராணுவத்தின் 25-வது காலாட்படையைச் சேர்ந்த கறுப்பினச் சிப்பாய்கள் 20 பேர், லெப்டினன்ட் ஜேம்ஸ் மாஸ் தலைமையில் மொண்டானாவின் மிசூலாவிலிருந்து செயின்ட் லூயிஸ் வரை ஏறத்தாழ 3,000 கிலோமீட்டரை 41 நாட்களில் ஓட்டிக் கடந்தார்கள். அவர்களுடைய போர்வையும் கூடாரத் துணியும் ஹேண்டில்பாரில் சுருண்டிருந்தன. சட்டத்தின் நடுவில் தோல் பெட்டி. நூறாண்டு கழித்துப் பட்டியல் போட்டாலும் அதே இடங்கள்தான் வரும்.

இந்த முறையை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்ததில் அலாஸ்காவுக்குப் பெரும்பங்கு உண்டு. 1987-ல் அங்கே தொடங்கிய இடிடாபைக் பனிப்பாதைப் பந்தயத்தில் ஒடுங்கிய தடத்தில் ஓட்ட வேண்டியவர்களுக்குப் பக்கவாட்டுப் பை ஒத்துவரவில்லை. பின்னர் கனடாவின் பான்ஃபிலிருந்து மெக்சிகோ எல்லை வரை சுமார் 4,400 கிலோமீட்டர் ஓடும் டூர் டிவைட் பந்தயம் அதை உலகப் புகழாக்கியது. கல்லும் குழியுமான பாதையில் திருகு இல்லாத பைதான் நிம்மதி. கழன்று விழ ஒன்றுமில்லை. வண்டி ஒல்லியாகவே இருக்கும். தூக்கிக்கொண்டு ஓடையைத் தாண்டலாம்.

ஆனால் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. மூன்று பையும் சேர்ந்து 30 லிட்டர் தேறினால் அதிகம். ஒரு துண்டை எடுக்க முழுச் சுருளையும் பிரிக்க வேண்டும். சீட்டுப் பையைச் சரியாக அமுக்கிக் கட்டாவிட்டால் மிதிக்கும்போதெல்லாம் இடமும் வலமும் ஆடும். கனமானதைச் சீட்டுக் கம்பத்தை ஒட்டி உள்ளே திணித்து, லேசானதை நுனியில் வைத்தால்தான் அடங்கும். தஞ்சைப் பெரிய கோயிலுக்குள் போய்வர நினைத்தால், பட்டை பட்டையாகக் கட்டிய பைகளைக் கழற்ற முடியாமல் வெளியே ஒருவரைக் காவல் வைக்க வேண்டிவரும். இன்னொன்றை விளம்பரங்கள் சொல்வதில்லை: உயரம் குறைந்தவர்களுக்கு இந்த முறை இடைஞ்சல். ஐந்தடி இரண்டு அங்குலம் உள்ள ஒருவர் 29 அங்குலச் சக்கர வண்டியில் ஏறினால், சீட்டுக்கும் டயருக்கும் நடுவே ஒரு சாண் இடம்தான் மிஞ்சும். பெரிய சீட்டுப் பை டயரில் உரசிக் கிழியும். சட்டத்தின் முக்கோணமும் சின்னதாக இருப்பதால் பையும் தண்ணீர்ப் புட்டியும் ஒரே இடத்துக்குச் சண்டை போடும். நம் பெண்கள் பலருக்கும் பதின்வயதினருக்கும் சின்னக் கேரியரும் ஒரு ஜோடிப் பையும்தான் பொருத்தம்.

இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆங்கிலேய வழி உண்டு. லங்காஷயரின் நெல்சன் நகரில் 1932-லிருந்து காரடைஸ் நிறுவனம் தடித்த பருத்தித் துணியில் தைக்கும் சீட்டுப் பை, தோல் சீட்டின் பின்வளையங்களில் குறுக்காகத் தொங்குகிறது. லாட்ஜில் தங்கி நாலைந்து நாள் போய்வருகிறவருக்கு அந்த ஒரு பையே போதும். சீட்டுக்கும் டயருக்கும் நடுவே போதிய உயரம் மட்டும் வேண்டும்.

பின்னால் இழுத்துப் போகும் வண்டி, அதாவது டிரெய்லர், பார்க்க வேடிக்கையாக இருந்தாலும் சிலருக்கு அதுவே சரி. அமெரிக்காவின் பாப் நிறுவனம் செய்த ஒற்றைச் சக்கர டிரெய்லரில் 32 கிலோ வரை ஏற்றலாம். பொதி சுமக்கும் மிருகம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே அந்தப் பெயர். இந்த டிரெய்லர் பின்சக்கர அச்சில் மாட்டிக்கொள்ளும். சைக்கிளில் கேரியர் தேவையில்லை, எடை தரையை ஒட்டியே கிடக்கும், சைக்கிள் போன தடத்திலேயே வரும். இரட்டைச் சக்கர வகை நிற்கும்போது சாயாது, குழந்தையைக்கூட உட்கார வைக்கலாம். ஆனால் மூன்று தடத்தில் மூன்று குழிகளைத் தப்பிக்க வேண்டும். எந்த வகையானாலும் கூடுதலாக ஐந்தாறு கிலோ இரும்பு, வேறு அளவில் டியூப், வேகமான இறக்கத்தில் பின்னாலிருந்து தள்ளும் உணர்வு, ரயிலில் ஏற்ற இன்னொரு உருப்படி. பஸ்ஸிலோ ரயிலிலோ பாதி வழி போகத் திட்டமிடுகிறவர் இதை மறந்துவிடலாம். குடும்பத்தோடு மெதுவாகப் போகிறவர், இசைக்கருவியோ கேமராச் சாமானோ கொண்டுபோகிறவர் தாராளமாக யோசிக்கலாம்.

சாமானையே சுமக்காமல் போகும் வழியும் உண்டு. 2008-ல் தொடங்கிய டூர் ஆஃப் நீல்கிரிஸ் போன்ற ஏற்பாட்டுப் பயணங்களில் பெட்டிகள் வேனில் வரும். மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டி ஏற்றத்தில் தண்ணீரும் டியூபும் மட்டும் வைத்து மிதிக்கலாம். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில், 600-ஐ 40 மணி நேரத்தில் முடிக்க வேண்டிய, பிரவே எனும் நெடுந்தூர ஓட்டக்காரர்களும் சுமையைச் சுருக்குகிறார்கள். ஹேண்டில்பாருக்கு முன்னால் சின்னச் சட்டத்தில் உட்காரும் பெட்டிப் பையை பிரவே ஓட்டத்தின் தாயகமான பிரான்ஸில் பெரிதும் விரும்பினார்கள். பணம், போன், கேமரா, கடலைமிட்டாய் எல்லாம் கண்ணெதிரே இருக்கும். இறங்கினால் தோளில் மாட்டிக்கொண்டு போய்விடலாம். எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த ஒரு பையைச் சேர்த்துக்கொள்வது நல்லது. அதில் இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் மட்டும் போடக் கூடாது.

ஆகத் தமிழ்நாட்டுத் தார்ச்சாலையில், லாட்ஜில் தங்கி, ஒரு வாரமோ பத்து நாளோ போகிறவருக்கு உறுதியான பின்கேரியர், ஒரு ஜோடி நடுத்தரப் பை, முன்னால் ஒரு சின்னப் பை. இதற்கு மேல் வாங்குவது பெரும்பாலும் பயத்துக்காக வாங்குவது. மண்பாதையும் காட்டுத்தடமும் என்றால் பைக்பேக்கிங். கூடாரமும் அடுப்பும் என்றால் முன்னும் பின்னும் பேனியர். புது முறைதான் நாகரிகம், பழைய கேரியர் பட்டிக்காடு என்று ஒரு பேச்சு இளைஞர்களிடம் இருக்கிறது. ரோட்ஸ்டரும் ஓர் உரச்சாக்கும் டியூப் கயிறும் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் வியாபாரம் செய்து குடும்பத்தைக் காப்பாற்றியவர்களின் கைத்திறனை அந்தப் பேச்சு கணக்கில் எடுப்பதில்லை.

அந்த டியூப் கயிற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேரியரின் மேல் எதையாவது கட்டப் பலரும் கொக்கி வைத்த ரப்பர் கயிற்றை வாங்குகிறார்கள். அது நழுவிச் சக்கரக் கம்பிக்குள்ளோ கியருக்குள்ளோ சிக்கினால் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். பழைய சைக்கிள் டியூபை நீளவாட்டில் வெட்டிய பட்டையில் கொக்கி இல்லை, பிடி விடாது, காசும் இல்லை. முடிச்சின் நுனியை மட்டும் உள்ளே செருகிவிட வேண்டும்.

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே முழுச் சுமையோடு ஒருநாள் ஓட்டிப் பார்க்க வேண்டும். சென்னைக்காரருக்கு மாமல்லபுரம் போய்த் திரும்பினால் போதும். காலிப் பையோடு ஓட்டிப் பார்ப்பதில் பயனில்லை. கிளம்பும் முன் இரண்டு பக்கப் பையையும் வீட்டுத் தராசில் வைத்து அரைக் கிலோவுக்குள் சமன்செய்ய வேண்டும். கருவிகளும் டியூபும் அடியில், உடை மேலே, மழைச் சட்டை எல்லாவற்றுக்கும் மேலே. முதல் 20 கிலோமீட்டரில் ஒருமுறை நின்று எல்லாத் திருகையும் முறுக்க வேண்டும். புதுக் கேரியர் முதல் நாளில்தான் தளரும். பாலத்து இறக்கத்தில் ஒரு கணம் ஹேண்டில்பார் பிடியைத் தளர்த்திப் பார்த்தால், முன்பக்கம் நடுங்குகிறதா என்பது தெரிந்துவிடும். நடுங்கினால் பாரம் மேலேயோ பின்னாலேயோ ஏறியிருக்கிறது என்று பொருள். வீட்டுக்கு வந்து பிரித்து அடுக்க வேண்டும்.

திரும்பி வந்ததும் பையைத் தரையில் கொட்டி, வழியில் ஒருமுறைகூட வெளியே எடுக்காத பொருள்களைத் தனியே வைத்தால் ஒரு கிலோவாவது குறையும். மழைச் சட்டை, பஞ்சர் சாமான், மருந்து மூன்றும் மட்டும் தொடப்படாமல் இருந்தாலும் மறுபடி பைக்குள்ளேயே போகட்டும்.